செல்வகணேஷ் பிடித்த திருடன்

பில் மெஷின் யாரும் தொடாமலே ஓட ஆரம்பித்தது. மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்க வந்திருந்த ஓட்டல்காரர் தன்னுடைய பில்தான் என்று ஆவலாகக் கையை நீட்டினார். கட்டமும் கேள்விக்குறியும் கிறுக்கலுமாகக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. ஓட்டல்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"எவம்லே அதத் தொட்டது?" என்று கல்லாவிலிருந்து கத்தினார் நயினார் அண்ணாச்சி.

எவனும் தொடவில்லை. கடையில் பில் போடும் செல்வகணேஷ், மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, கடை நெட்வொர்க்கில் எந்தெந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தட்டுவதையும் பில் என்று நினைத்துக்கொண்டு மெஷின் அச்சடித்துத் தள்ளும் என்று போட்டிருக்கவில்லை.

"டெஸ்ட் பண்ணுதேன் அண்ணாச்சி. செக்யூரிட்டி."

"செக்யூரிட்டிக்குத்தான் ஷட்டர்ல பூட்டு தொங்குதேலே!"

ஆரியசாலைத் தெருவின் மொத்த வியாபாரக் கடைகளில் பூட்டுக்கு மேல் ஒரு பாதுகாப்பு உண்டு என்று யாரும் நம்பியதில்லை. செல்வகணேஷ் நம்பினான். பாளையத்தில் பழைய புத்தகமாக வாங்கிய தலையணை சைஸ் புத்தகத்தை, அட்டை கழன்று விழும்வரை படித்திருந்தான். டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டது. அங்கே கேள்வி கேட்ட ஆர்ஷா, அவனைவிடச் சின்ன மலையாளப் பெண், எல்லாப் பதிலையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"படிச்சதெல்லாம் ஓகே சேட்டா. பக்ஷே எக்ஸ்பீரியன்ஸ்? வெளியே இருந்து நெட்வொர்க்ல நுழைஞ்ச ஒருத்தனையாவது நீங்க சொந்தமா பிடிச்சதுண்டோ?"

இல்லை.

"அடுத்த மாசம் திரும்பி வாங்க, கேட்டோ. ஒரு கேஸோட வாங்க."

அன்றிலிருந்து, வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை தேடுவதுபோல, அவன் ஒரு திருடனைத் தேடினான். வேலைக்கு ஒரு திருடன் வேண்டும். அவனிடம் இருந்ததோ இந்தக் கடை மட்டும்தான்.

பில் மெஷின் விவகாரத்தைச் சரிக்கட்ட, வைஃபை பாஸ்வேர்டை மாற்றினான். புத்தகம் சொன்னபடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து ரயில் மாதிரி ஒரு பாஸ்வேர்டு. உடனே பில் மெஷின் செத்தது. அண்ணாச்சியின் ஃபோன் செத்தது. மூட்டை தூக்கும் தங்கபாண்டியின் ஃபோனில் வீடியோ நின்றது, மூட்டையும் நின்றது.

"இத எவம்லே ஞாபகம் வச்சுக்குவான்?" என்றார் அண்ணாச்சி. செல்வகணேஷ் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதற்கு ஒரு வழியும் செய்திருந்தார். வாசலில் தொங்கும் விலைப் பலகையில், மல்லி, வத்தல், கடுகு ஆகியவற்றின் கீழே தங்கபாண்டியின் கையெழுத்தில் பாஸ்வேர்டு முழுசாக இருந்தது.

நெய்யாற்றின்கரையிலிருந்து சரக்கு வாங்க வந்த ஒருவர் அதைப் படிக்க முயன்றுவிட்டு, "இது எந்தா சரக்கு? புதுசா?" என்று கேட்டார்.

பலகையை அழித்தான். பாஸ்வேர்டு போனால் போகட்டும், உள்ளே போக ஓடிபி வேண்டும் என்று பில் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது பூட்டுப் போட்டான். ஓடிபி அண்ணாச்சியின் ஃபோனுக்கு வரும். அண்ணாச்சிக்கோ கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. தங்கபாண்டி வாங்கிப் படித்து, கடைக்கோடியில் இருக்கும் செல்வகணேஷுக்குக் கேட்கவேண்டுமே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். எதிர்க்கடை பிச்சைக்கனி அங்கிருந்தே, "கடைசி நம்பர் கேக்கல, திருப்பிச் சொல்லு!" என்று குரல் கொடுத்தார்.

படிப்பு இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான், கடையின் கேமராப் பெட்டிக்குள் நுழைந்து, நெட் வழியாக அதற்குள் யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவைப் பார்த்தான் செல்வகணேஷ். பார்த்ததும் புத்தகத்தைத் தேடி எடுத்தான்.

தினமும் மத்தியானம் வெளியூரிலிருந்து ஒரு ஃபோன் உள்ளே வருகிறது. சரியான பாஸ்வேர்டோடு வருகிறது. குடோன் கேமராவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லாவுக்கு மேலே இருக்கிற கேமராவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறது. அந்த நேரத்தில் கல்லாவில் அண்ணாச்சி சாப்பிடுவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. ஆள் அசந்திருக்கும் நேரம் பார்த்து நோட்டம் விடுகிறான்! புத்தகத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது.

"அண்ணாச்சி, ஒருத்தன் நம்ம கல்லாவ தெனமும் பாக்கான்!"

அண்ணாச்சி சாம்பிளுக்கு வந்த வத்தலைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பாத்துட்டுப் போறான். என்னத்தப் பாக்கப் போறான்? நான் சோறு திங்கதயா?"

"பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒனக்கு பில் போடுத வேல இல்லையாலே? விடு அத."

முதலாளிமார் ஆபத்தை அலட்சியம் செய்வார்கள் என்றும், ஊழியர்களிடையே விழிப்புணர்வைப் பரப்புவதே வழி என்றும் புத்தகம் சொல்லியிருந்தது. இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. செல்வகணேஷ் தெரு வியாபாரிகளின் வாட்ஸாப் குரூப்பில் விழிப்புணர்வைப் பரப்பினான்: 'எங்கள் கடைக் கேமராவை மர்ம நபர் வேவு பார்க்கிறார். அனைவரும் உஷார்.'

சாயங்காலத்துக்குள் பாதித் தெரு கடை வாசலில் நின்றது. முன்னால் நின்றவர் பிச்சைக்கனி. எதிர்க்கடைக்காரர், அதே வத்தல் வியாபாரம். தன்மேல்தான் சந்தேகம் வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, எல்லாவனும் என் மொகத்தப் பாக்கான். இப்பமே, எங்க முன்னாலயே அவன் வர்ற வழிய அடையுங்க. இல்லன்னா என் பேருதான் கெடும்."

"பாப்பம்" என்றார் நயினார் அண்ணாச்சி.

"என்ன பாப்பம்? சொல்லாம கொள்ளாம கல்யாணம் கெட்டிக்கிட்டுப் போனதுக்கு, பெத்த மவளையே இந்தத் தெருவுல வச்சு வேண்டாம்னு சொன்ன ஆளுல்லா நீங்க! ஒரு களவாணிப் பயலுக்கா யோசிக்கிய?"

கூட்டம் ஆமோதித்தது. அண்ணாச்சி கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செல்வகணேஷைப் பார்த்தார்.

"இப்பம் அடைச்சா, பின்ன அவன் உள்ள வர முடியுமாலே?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முதலாளி தன்னிடம் தொழில்நுட்பக் கேள்வி கேட்கிறார். செல்வகணேஷ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"தலகீழா நின்னாலும் முடியாது அண்ணாச்சி. பெட்டிய இன்டர்நெட்ல இருந்தே கழட்டுதேன். எந்த பாஸ்வேர்டும் செல்லாது."

"செரி," என்றார் அண்ணாச்சி. "அடை."

அடைத்தான். எல்லார் முன்னாலும் வயரை உருவிக் காட்டினான். பிச்சைக்கனி கை தட்டினார். கேமராப் பெட்டிக்குப் போட்ட புது பாஸ்வேர்டை அண்ணாச்சியிடம் எழுதிக் கொடுக்கப் போனபோது, "எனக்கு என்னத்துக்கு? நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் குடோனுக்குள் போய்விட்டார். நன்றி சொல்லக்கூடத் தெரியாத மனுஷன் என்று செல்வகணேஷ் நினைத்துக்கொண்டான்.

இன்டர்வியூவில் அவன் இந்தக் கதையைச் சொன்னபோது ஆர்ஷா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கூட இருந்த இரண்டு பேரும் கேட்டார்கள்.

"ஆள் யாரானு கண்டுபிடிச்சோ?"

"அது தேவைப்படல மேடம். வர்ற வழியவே அடைச்சிட்டேன்."

"கொள்ளாம்!" என்று பாராட்டினாள் ஆர்ஷா. ஒன்றாம் தேதி வேலைக்குச் சேரச் சொன்னார்கள்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, லட்டு டப்பாவோடு கடைக்கு வந்தான் செல்வகணேஷ். மத்தியான நேரம். கல்லாவில் அண்ணாச்சி இல்லை. ஒருநாளும் கடைப் பக்கம் வராத அவர் மனைவி வடிவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எனக்கு வேல கெடச்சிட்டு! அண்ணாச்சி எங்க?"

"குடோன்ல இருக்காவ. நாலஞ்சு நாளா மத்தியானச் சோறே வேண்டாம்னு மல்லி மூட்டையில சாஞ்சு கெடக்காவ. அதான் நான் வந்தேன்."

"ஒடம்பு செரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள் வடிவம்மாள். லட்டை எடுத்தவள் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். குடோன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவனை அருகில் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளல்லா, இந்தக் கேமராவ கொஞ்சம் செரி பண்ணிக் குடேன், மவகூடப் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு ஒங்க அண்ணாச்சி பாஸ்வேர்ட மட்டும் அவளுக்குக் குடுத்து விட்டிருந்தாவ, தெனமும் மத்தியானம் அவ அங்க எலயப் போட்டுட்டு இவியளப் பாத்துக்கிட்டேதான் சோறு திம்பா."