வலது கால் மேல் ஒரு பழி

அநியாயம் இழைக்கப்பட்டது ஒரு வலது காலுக்கு. அந்தக் காலின் சொந்தக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். பதினொரு வருடமாகக் கார் ஓட்டிய கால் அது. ஒரு சுவரை, ஒரு சைக்கிளை, ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அப்படிப்பட்ட காலின் மேல்தான், பழைய எஸ்யூவி ஒன்றின் பிரேக்கிலிருந்த அத்தனை கோளாறுகளையும் தூக்கிப் போட்டான் அவள் கணவன்.

வண்டியை வாங்கியவனும் அவனே. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் குறை கண்டுபிடிப்பவனுக்குத் தன் கண்ணில் குறையே கிடையாது என்பது அசைக்க முடியாத நம்பிக்கை. "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாங்க" என்று மனைவி சொன்னபோது, "மெக்கானிக் எதுக்கு? எனக்குக் கண்ணு இல்லையா?" என்று கேட்டான். கண் இருந்தது. அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது மேலே பூசியிருந்த சிவப்புப் பெயின்ட் மட்டும். சின்ன எஸ்யூவிதான், ஆனாலும் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் காரை மேலிருந்து பார்க்கலாம். ஒரு ஆண்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கத்த ஆரம்பித்தது.

"என்னங்க, பிரேக் கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுது."

"பிரேக் போடல. உன் கால் போடுது."

"கால் எப்படிங்க சத்தம் போடும்?"

"மிதிக்கிற விதம்னு ஒண்ணு இருக்கு. நீ கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி மிதிக்கிற."

அடுத்த வாரம் அடுத்த புகார்.

"பெடல் பொதுக்குன்னு உள்ள போகுதுங்க."

"ஓங்கி மிதிச்சா போகத்தான் செய்யும்."

"மெதுவா மிதிச்சாலும் போகுது."

"அப்ப ரொம்ப மெதுவா மிதிக்கிற."

"பிரேக் போட்டா வண்டி இடது பக்கம் இழுக்குது."

"வலது காலால மிதிக்கிற இல்ல? பாரம் வலது பக்கம் சாயுது. அதைச் சரிக்கட்ட வண்டி இடது பக்கம் போகுது. இது விஞ்ஞானம்மா."

"ஸ்டீயரிங் நடுங்குது."

"பயம்."

"எனக்கா?"

"வண்டிக்கு. உன்னைப் பார்த்து."

ஆக, நான்கு குற்றங்கள், ஒரே குற்றவாளி. புகார் கொடுத்தவனும் சாட்சி சொன்னவனும் தீர்ப்பு எழுதியவனும் ஒரே ஆள். காரணம் ஒன்றும் ஆழமானதல்ல. பிரேக்கில் கோளாறு என்று ஒத்துக்கொண்டால், வாங்கும்போது மெக்கானிக்கிடம் காட்டியிருக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கால் கெட்ட பெயர் வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று அவன் முடிவு செய்தான். அது அவனுடைய கால் இல்லை என்பதால் முடிவு செய்வதில் சிரமமும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும், நடந்திருக்கவும் வேண்டும். ஆனால் அவள் வேலை அவளை வேறு மாதிரிப் பழக்கியிருந்தது. தினமும் காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம், "வெறும் வயிறாத்தானே வந்திருக்கீங்க?" என்று கேட்பாள். "சத்தியமா, பச்சைத்தண்ணி பல்லுல படல" என்பார்கள், மீசையில் பிஸ்கட் தூளோடு. அவள் வாதாட மாட்டாள். ஊசியை எடுப்பாள். மதியத்துக்குள் முடிவு வந்துவிடும். காகிதத்தில் வருகிற முடிவோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. அப்போது கூடத்தின் முதலாளியம்மா ஊருக்கு அந்தப் பக்கம், குன்றைத் தாண்டி, புதுக் கிளை திறந்தார். அதற்குப் பொறுப்பாளராக இவளைக் கேட்டார். பதினான்கு வருடம் பிறர் கையெழுத்துக்குக் கீழே வேலை பார்த்தவளுக்குத் தன் கையெழுத்துக்கு மேலே யாரும் இல்லாத ஓர் இடம். ஒரே சிக்கல்: காலை ஆறரைக்குக் கதவு திறக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"சாவி குடுத்தா நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். பிரேக்கை மட்டும் ஒருதரம் பாக்கச் சொல்லுங்க."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டுக் குன்றுப் பாதையிலயா? முதல்ல கால் சரியாகட்டும். அப்புறம் சாவி" என்று அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்டதோடு நிற்கவில்லை, காலைச் சரிசெய்யும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டான். எடை பார்க்கும் கருவியை வீட்டுக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலியில் அவளை உட்கார வைத்தான்.

"மிதி. எட்டு கிலோ... இன்னும் கொஞ்சம்... பத்து... பன்னிரண்டுல நிறுத்து. எங்க? பதினொண்ணே முக்கால்!"

"நீங்க சாய்ஞ்சு பாக்கறீங்க. நேரா வந்து பாருங்க."

நேராக வந்து பார்த்தான். பன்னிரண்டு. அரை நிமிடம் அப்படியே நின்றது முள்.

"அளவு சரி" என்றான் யோசித்து. "பாவனை சரியில்ல."

மூன்று மாலை இந்தப் பயிற்சி நடந்தது. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்:

"நீங்க சொல்றது சரிதாங்க."

அவன் கையிலிருந்த கரண்டி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

"எது?"

"அந்த வண்டிக்கு என் கால் ஒத்து வராது. உங்க கால்தான் ஒத்து வரும்."

"அதைத்தானே மூணு மாசமா தொண்டை வத்தச் சொல்றேன்!"

"அதான், முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன். பொறுப்பை எடுத்துக்கறேன், தினமும் எங்க வீட்டுக்காரர் கொண்டு வந்து விட்டுடுவார்னு."

"...தினமுமா?"

"தினமும்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்குக் கிளம்பணும்."

"சாயங்காலமா?"

"காலைலங்க."

கண்ணாடிக்காரன் எட்டு மணிக்கு முன் எழுந்ததாகக் குடும்ப வரலாற்றில் குறிப்பு இல்லை. கடை பத்து மணிக்குத்தான். அவன் தப்பிக்க வழி தேடினான். முடியாது என்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். சாவியைக் கொடுத்தால் கால் நிரபராதி. கால் நிரபராதி என்றால் பிரேக் குற்றவாளி. பிரேக் குற்றவாளி என்றால், "எனக்குக் கண்ணு இல்லையா?" எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவன் அலாரம் வைத்தான்.

திங்கட்கிழமை விடியலில் முதல் சிக்னல். பிரேக்கை மிதித்தான். கீ...ச் என்றது வண்டி. அதே கணத்தில் லொக்கு லொக்கென்று இருமினான்.

"என்னங்க, சளியா?"

"லேசா."

குன்றுப் பாதையில் பதினோரு வளைவுகள். பதினோரு இருமல்கள். கடைசி வளைவு நீளமானது. அதற்கு இருமல் போதாமல் ஒரு தும்மலையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையும் அதே. புதன்கிழமை இறங்கும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். பிரேக் போடும்போது மட்டும் இருமல் வருது உங்களுக்கு."

"அப்படியா? நான் கவனிக்கல."

"நாளைக்கு உள்ள வாங்க. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். பெரிய ஊசியா இருந்தாலும் வலிக்காம குத்துவேன்."

ஊசி என்ற சொல்லுக்கே நாற்காலியைத் தேடுகிறவன் அவன். அன்று மதியம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தான். மேசையில் எண்ணெய்ப் புட்டி இருந்தது. கண்ணாடிச் சட்டத்தின் காது மடக்கும்போது கீச்சிட்டால், அந்தத் திருகில் ஒரு சொட்டு விடுவான், சத்தம் நின்றுவிடும். இருபது வருட அனுபவம். காது கீச்சிட்டால் எண்ணெய். கதவு கீச்சிட்டால் எண்ணெய். பிரேக் மட்டும் என்ன மகாராணியா? வீட்டு வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முன் சக்கர இடுக்குகள் வழியாக, உள்ளே பளபளத்த இரண்டு இரும்புத் தட்டுகளின் மேலும் எண்ணெய் விட்டான். கண்ணாடிக்கு ஒரு சொட்டு என்றால் சக்கரத்துக்கு எவ்வளவு என்பது தெரியாததால், ஆளுக்குப் பாதிப் புட்டி.

வியாழக்கிழமை காலை. வண்டி மெல்ல நகர்ந்தது. தெருமுனைக்கு முன்னால் அவன் பெருமிதத்தோடு பிரேக்கை மிதித்தான். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"கேட்டியா? சத்தமே இல்ல!"

"ஆமா. நிக்கவும் இல்ல."

நிற்கவில்லைதான். நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. தெருமுனையில் நின்ற பெரிய குப்பைத்தொட்டியைத் தொட்டது. தொட்டிக்கும் சக்கரங்கள் உண்டு. அது பதறாமல் முன்னால் உருள ஆரம்பித்தது. அமைச்சர் வண்டிக்கு முன்னால் காவல் வண்டி போவதுபோல் தொட்டி முன்னே, எஸ்யூவி பின்னே. கண்ணாடிக்காரன் எகிறி எகிறி மிதித்தான். இரண்டு காலாலும் மிதித்தான். பாவனையைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

அவள் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி நின்றது. தொட்டி இன்னும் கொஞ்ச தூரம் போய், யாருடைய உதவியும் இல்லாமல் ஒழுங்காக நின்றது.

அவள் இறங்கினாள். தெருவில் யாருமில்லை, யாருக்கும் அடியில்லை என்று பார்த்துக்கொண்டாள். போனில் வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டாள். "அங்க ஆறு பேர் வெறும் வயித்தோட உக்காந்திருப்பாங்க. நான் போறேன். நீங்க மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. நம்பர் அனுப்பறேன்."

நம்பர் ஏற்கெனவே அவளிடம் இருந்தது என்பதை அவன் அப்போது யோசிக்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மாலை நான்கு மணிக்கு அவன் பட்டறையில் நின்றான். மெக்கானிக் ஆஜானுபாகுவான ஆள். குரல் மட்டும் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற குரல். காகிதமும் பேனாவுமாக எதிரே வந்து நின்றார்.

"சொல்லுங்க சார். மேடம் போன்ல பேசினாங்க. என்ன கோளாறுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அவங்க வேலையில நோயாளிகூட வந்தவங்க சொல்றதை எழுத மாட்டாங்களாம். யாருக்கு அனுபவமோ அவங்க வாயால கேட்டு எழுதுங்கன்னாங்க. நீங்கதானே ஓட்டறவர்?"

"நான்தான். நான் மட்டும்தான்" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. மனைவிக்கு இவ்வளவு மரியாதை உண்டா தன்மேல் என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனான்.

"சத்தம் வருமா சார்?"

"சத்தமா? ஐயோ, உயிர் போற மாதிரி கத்தும்!"

"அழுத்தி மிதிச்சா வருதா, மெதுவா மிதிச்சாலுமா?"

"பூ மாதிரி மிதிச்சுப் பாத்துட்டேங்க. கத்துது!"

"பெடல்?"

"பொதுக்குன்னு உள்ள போகுது. பிடிச்சா இடது பக்கம் இழுக்குது. இறக்கத்துல ஸ்டீயரிங் கிடுகிடுன்னு நடுங்குது." மூன்று மாதமாக அடைத்து வைத்தது, திறந்ததும் நிற்கவில்லை. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை மனம்விட்டுப் பேசுவதில் ஒரு சுகம் இருந்தது.

"எத்தனை நாளா?"

"வாங்கின மூணாம் நாள்லேர்ந்து."

"உங்களுக்கு மட்டும் இப்படியா, வேற யார் ஓட்டினாலும் இதேதானா?"

"யார் ஓட்டினா என்னங்க? கால்ல என்ன இருக்கு? கோளாறு பிரேக்குல இருக்கு!"

மெக்கானிக் எழுதி முடித்து, அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அவனும் திரும்பினான். வேலையிலிருந்து நேராக வந்தவள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றியது வெறும் சடங்கு. பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருந்தது. டிஸ்க் தட்டு நெளிந்திருந்தது. பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடமோ, கறுத்துக் கிடந்தது. வலது சக்கரத்துப் பிரேக் பிடி துருவேறி அசையாமல் இறுகியிருந்ததால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. கால் என்ற சொல் மெக்கானிக்கின் பட்டியலில் எங்குமே இல்லை.

"அதெல்லாம் சரி, டிஸ்க் மேல எண்ணெய் விட்டது யாரு சார்?"

"பழைய ஓனரா இருக்கும்."

"இன்னும் சொட்டுதே சார்."

முடிவு வந்துவிட்ட பிறகு அவள் நோயாளிகளைத் திட்டுவதில்லை.

சனிக்கிழமை வண்டி வந்தது. தொட்டால் நின்றது, நின்றபோது வாயே திறக்கவில்லை. அன்று மாலை கண்ணாடிக்காரன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல், அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து, பழைய வழக்கப்படி இருமலாக மாறியது.

"இந்தா. திங்கட்கிழமையிலேர்ந்து நீயே ஓட்டிக்கோ."

அவள் எடுத்துக்கொண்டாள். அவனுக்கும் மனசு லேசாகியது. தோற்றது தோற்றதுதான், ஆனால் எட்டு மணி வரை தூக்கம் திரும்பக் கிடைத்துவிட்டதே, அது லாபமில்லையா? போர்வையை நினைத்து ஒரு கொட்டாவிகூட விட்டான். கொட்டாவி பாதியில் நின்றது.

"ஆமா... வண்டியை நீ எடுத்துக்கிட்டுப் போயிட்டா, நான் கடைக்கு எப்படிப் போறது?"

"அதுக்கென்னங்க, அஞ்சே முக்காலுக்கு ரெடியா இருங்க. போற வழியில கடை வாசல்ல இறக்கி விட்டுடறேன். பத்து மணி வரைக்கும் படியில உக்காந்திருங்க."