பன்னிரண்டாம் ஃபேடரின் மகிமை

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் சக்கரத்துக்கு அடுத்த இடம், எந்த வயரோடும் சேராத ஃபேடருக்கே உரியது. ஒலிப்பதிவு இன்ஜினியர் என்ற முறையில் இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன்.

விளக்குகிறேன். குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடத்தில் பதிவாகும். என் மேசையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ஃபேடர் உண்டு. அந்தக் குமிழை விரலால் மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். வாத்தியங்களைச் சண்டையில்லாமல் உட்கார வைப்பதற்குப் பெயர் மிக்ஸிங். வாசிப்பவர்களைச் சண்டையில்லாமல் உட்கார வைப்பதற்குப் பெயர் பன்னிரண்டாம் ஃபேடர். அதன் பின்னால் வயர் கிடையாது. தள்ளலாம், அவ்வளவுதான்.

ஒரு ராக் இசைக்குழு தன் முதல் ஆல்பத்துக்காக என்னிடம் வந்தது. பாடகரை எல்லாரும் 'தலைவர்' என்பார்கள். கிட்டார்காரர் 'மின்னல்', டிரம்ஸ்காரர் 'இடி'. நாலாவது ஆள் தலைவரின் தங்கை; அடியில் கனமாக அதிரும் பேஸ் கிட்டார் அவளுடையது. அவளுக்குப் பட்டப்பெயர் வைக்க இன்னும் கூட்டம் போடவில்லை.

மற்றதற்கெல்லாம் போட்டார்கள். 'மிக்ஸிங் குழு'வின் முதல் அமர்வில், கிட்டார் சத்தம் கூட வேண்டும் என்று மின்னல் தீர்மானம் கொண்டுவந்தார். டிரம்ஸும் கூட வேண்டும் என்று இடி திருத்தம் கொண்டுவந்தார். இரண்டையும் வரவேற்ற தலைவர், எல்லாவற்றுக்கும் மேலே தன் குரல் என்று முடித்துவைத்தார். இத்தனைக்கும் இடம் வேண்டுமே? பேஸைக் குறைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. தங்கை அப்போது வேனிலிருந்து இவர்களுடைய ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து, "என் வாசிப்பு எங்கண்ணா கேக்கும்?" என்றாள்.

"பேஸ்ங்கறது கேக்கறதுக்கு இல்லம்மா. உணர்றதுக்கு."

"நீ உணர்ந்தியா?"

அந்தக் கேள்வியைத் தலைவர் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைத்தார். கூடவே இன்னொரு தீர்மானம்: ஆல்பத்தில் பேஸ் இருப்பது யாருக்கும் தெரியவில்லையென்றால், அந்தப் 'பதவி' நீக்கப்படும். இரண்டு வருடமாக விரல் காய்த்துப்போக வாசித்தவள். இந்த ஆல்பத்தில் கேட்காவிட்டால் இனி எதிலும் கேட்காது.

நான் பன்னிரண்டாம் ஃபேடரை அறிமுகப்படுத்தினேன். மின்னல் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினார். இப்போதுதான் கிட்டாருக்கு உயிர் வந்தது என்றார். இடி தள்ளினார், இதைத்தானே தான் முதலிலிருந்து சொல்வதாகச் சொன்னார். தலைவர் தள்ளிவிட்டுக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பாட்டு ஒரு துளிகூட மாறவில்லை.

தங்கை தள்ளினாள். இழுத்தாள். மறுபடி தள்ளினாள்.

"சார், இது சும்மா."

பதினைந்து வருடத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் காது! குழு ஒற்றுமை, கலைஞர்களின் மனநலம் ஆகியவற்றுக்கு அது ஆற்றும் தொண்டை அவளுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பேஸ் வயர் எது என்று மட்டும் கேட்டாள். எந்த வயர் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. மேசைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பிறகு சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் இறுதி மிக்ஸிங். மின்னல் வழக்கம்போலப் பன்னிரண்டைத் தள்ளினார். தரை அதிர்ந்தது. தன் கிட்டாரின் கனத்தைப் பார்க்கும்படி எல்லாரையும் அழைத்தார். அது டிரம்ஸ் என்று சொல்லி இடி இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"ரெண்டும் இல்லப்பா. என் குரலோட ஆழம் அது," என்று தலைவர் அதை உச்சியில் கொண்டுபோய் வைத்தார். ஜன்னல் கண்ணாடிகள் அவருக்கு ஒத்து ஊதின.

நான் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பேஸ் வயர் பன்னிரண்டில் சமர்த்தாகச் சொருகியிருந்தது. தங்கை தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். 'குழு ஒற்றுமை' கருதி நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் முதல் பாட்டு ஒலித்ததும் நாற்காலிகள் நடுங்கின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் குதித்தார்கள். ஒரு விமர்சகர் மூச்சு வாங்க மேடையேறி, இந்த ஆல்பத்தின் உயிரே பேஸ்தான் என்றார். ராக் ஆல்பத்தில் அதை இவ்வளவு துணிச்சலாக முன்னால் வைத்தது யார் என்று கேட்டார்.

மூன்று கைகள் உயர்ந்தன. தங்கையின் இரண்டு கையிலும் கிட்டார் இருந்தது. ஒரு விநாடி கழித்து, தொழில் தர்மம் கருதி, நாலாவது கையும் உயர்ந்தது. அது என்னுடையது.

பதவி நீக்கத் தீர்மானத்தை அங்கேயே வாபஸ் வாங்கிய தலைவர், பேஸ் இனி 'குழுவின் பொதுச் சொத்து' என்று அறிவித்தார். கைதட்டல் ஓயவில்லை. புகைப்படக்காரர் ஓடிவந்தார். நாங்கள் நால்வரும் தோள்மேல் கை போட்டு நின்றோம். அவர் கேமராவை இறக்கி, பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க. பேண்டைப் படம் எடுக்கணும்."

எவ்வளவு தள்ளி நின்றால் படத்தில் விழமாட்டாள் என்பதை, லென்ஸின் கோணம் உட்பட, அவளுக்குப் பொறுமையாக விளக்கியவன் நான்தான்.