ரெங்கமன்னாருக்கு இடம் போதவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்
12-8-1993

சிரஞ்சீவி சாரங்கபாணிக்கு அக்கா பெருந்தேவி எழுதுவது. ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம், உன் புரோகிராமைத் தவிர.

ராஜபாளையத்து மில்லில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், நூற்பு ஹாலின் ஈரப்பதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று முதலாளியிடம் சொன்னாய். பார்த்துக்கொள்கிறது. திங்கட்கிழமை காலை ஷிப்டில் ஹால் முழுவதும் மழையாகக் கொட்டி, பஞ்சு நனைந்து ரோலர்களில் சுற்றி, மெஷின்கள் நின்றுபோக, நூற்பு வேலை பார்க்கும் சுடலையம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரும் நானும் இருக்கும் கண்ணாடி அறைக்கு வந்து, "ஏன் மேடம், நாத்து நடணும்னா முன்னாலயே சொல்லப்படாதா?" என்று கேட்டாள். மறுநாளும் அதே கதை. மதியம் அப்துல் ஹமீது மேஸ்திரியின் ஷிப்டில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மானேஜருக்கு மெஷினைத் திட்டத் தெரியாது, என்னைத் திட்டத் தெரியும். "அடுத்த வெள்ளிக்குள்ள சரியாகலன்னா பெட்டியக் கட்டி உங்க தம்பிக்கு அனுப்பிருவேன். நீங்களும் கூடவே போயிரலாம்" என்றார். அத்திம்பேர் கடையை மூடிய பிறகு என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காலை ஷிப்ட் வைகுண்டராஜ் மேஸ்திரி, புது லாட் பஞ்சு தொடங்கும்போது கம்ப்யூட்டர் திரையில் அதன் பெயரை அடிக்கும் கட்டத்தில், முதலில் 'ஸ்ரீ ஆண்டாள் ரெங்கமன்னார் துணை' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் லாட் பெயரை அடிக்கிறார். கேட்டால், "சாமி பேரப் போடாம எப்படிம்மா ஆரம்பிக்க? வெளங்குமா?" ஹமீதையும் கேட்டேன். "நான் 786 போடுதேன் மேடம். ஏன், அதுவும் தப்பா?"

உன் புரோகிராமைத் திறந்து பார்த்தேன்; அந்தக் கட்டத்துக்கு நீ ஒதுக்கியது பதினாறு எழுத்து. அதற்குமேல் அடித்தால் தடுக்க வேண்டாமா? மூன்று பேர் சீட்டில் நான்காமவர் "செத்த நகருங்க" என்று உட்கார, ஓரத்தில் இருப்பவர் கீழே விழுவதுபோல, மிச்ச எழுத்துகள் மெமரியில் பக்கத்து இடத்தில் போய் உட்காருகின்றன. அங்கே இருந்தது ஈரப்பத அளவு. அது அழிந்து, எழுத்தையே அளவென்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தண்ணீர் தெளிக்கும் பம்பை முழுசாகத் திறந்துவிடுகிறது. கொடுத்ததையெல்லாம், போதும் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொள்ளும் இந்தக் குணம் அதற்கு யாரிடமிருந்து வந்ததென்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உன்னிடமிருந்து நிச்சயம் இல்லை.

சுருக்கமாகப் போடும்படி வைகுண்டராஜிடம் சொன்னேன். "அப்ப ரெங்கமன்னார எடுத்துரட்டா? அவிய ரெண்டு பேரையும் பிரிக்கச் சொல்லுதீகளாம்மா?" என்றார்.

கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து திருத்திக்கொடு. குழந்தைகளுக்கு என் அன்பு. நீயும் ஜயலக்ஷ்மியும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
அக்கா பெருந்தேவி

பி.கு.: நேற்றே தபாலில் போடாதது நல்லதாயிற்று. இன்று ஆடிக் கடைசி வெள்ளி. மில் பூஜைக்கு வந்த முதலாளியம்மா, தன் கையால் ஒரு லாட் தொடங்க வேண்டுமென்று உட்கார்ந்து, வைகுண்டராஜ் சொல்லச் சொல்லச் சாமி பெயரை முழுசாக அடித்துவிட்டார். ஹாலில் மழை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பட்டுப்புடவை நனைய நின்று, "தல்லி, தாயே, பேரச் சொன்னதுமே பெய்யுதியே!" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். மானேஜரும் கும்பிட்டார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தாயிற்று. இனி வெள்ளிதோறும் மெஷின்களை நிறுத்திவிட்டு நான்தான் பெயரை அடிக்க வேண்டுமாம். மற்ற நாட்களில் அந்தப் பெயரை யாரும் தொடக்கூடாதாம். நீ வராதே. திருத்திவிட்டாயானால் என் வேலை போய்விடும். ஒரு குடை மட்டும் பார்சலில் அனுப்பு.