என் மாமனார் உயிரோடு இருந்த குற்றம்

பயந்துபோனவள் கேள்வி கேட்கமாட்டாள். விடை அவளிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும். "என்ன ஆச்சு?" என்று நான் வாய் திறந்து கேட்டிருந்தால் நடந்தே இருக்காத ஒரு கூத்து, எண்பதுகளின் நடுவில், என் பெயரால் நடந்தது.

மாரண்டஹள்ளியைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் காக்கி என்றால் ஆள்கள் நிற்கமாட்டார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் ஆண்கள் எல்லாரும் சோளக்கொல்லைக்குள் போய்விடுவார்கள், தப்பு செய்தவரும் செய்யாதவரும் ஒரே வேகத்தில். சின்ன வயதில் நானும் ஓடியிருக்கிறேன், கக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டியை இடுக்கிக்கொண்டு. (அதையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைப்பு.) அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட மனுஷன் போலீஸ் வேலைக்குத் தேர்வாகி வந்து நின்றார். எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் இவரைப் பார்த்தும் ஓட வேண்டியிருக்குமோ என்பதுதான்.

அவர் பெயர் சண்முகம். (அப்போதெல்லாம் பெயரைச் சொல்லமாட்டேன். எழுதினால் அவர் காதில் விழாது என்பதால் எழுதுகிறேன்.) வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், இளைப்பு நோய்க்காரரான என் மாமனார். மாமியார் முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார். மகனுக்கு வேலை கிடைத்ததில் மாமனாருக்குத்தான் தலைகால் புரியவில்லை. "இத்தினி நாளா போலீஸக் கண்டு ஓடுன காலெல்லாம் இனிமேட்டு நம்ம வூட்டுக்கு நடந்து வரும் பாரு" என்பார், மூச்சு வாங்க வாங்க.

சேர்க்கிற அன்றைக்கு நானும் கூடப் போனேன். சேலத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போகிற ஊரில் அந்தப் பயிற்சிப் பள்ளி. வாசலில் டிரில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஆளைவிட மீசைதான் முதலில் தெரிந்தது. வழியனுப்ப வந்த எங்களையும் சேர்த்து வரிசையில் நிற்க வைத்துவிட்டுச் சொன்னார்:

"அழுவறவங்க இப்பவே அழுது முடிச்சுக்குங்க. அப்புறம் ஆயா செத்துட்டாங்க, தாத்தா செத்துட்டாங்கன்னு யாரும் லீவு கேட்டு வரக் கூடாது. போன பேட்சுல ஒருத்தன் மாமியார ரெண்டு தடவ கொன்னான். ரெண்டாவது தடவ பெட்டியத் தூக்கி அவன் தலையிலயே வெச்சு அனுப்பிட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா அன்னையோட சரி. வேல கெடையாது."

அந்தக் குரலைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினேன். அதற்கப்புறம் என் நாள்கள் எல்லாம் என் வீட்டுக்காரருடைய நாள்களாகிவிட்டன. விடியும் முன்னே விழித்துக்கொள்வேன். இப்போது விசில் அடிப்பார்கள், இப்போது ஓடுவார்கள். அவர் ஓடுகிற நேரத்தில் நான் இங்கே நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகவேகமாக நடப்பேன், பாதி வலி எனக்கு வந்துவிடட்டும் என்று. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா கெம்பம்மா, "யாருடி தொரத்தறாங்க உன்ன?" என்று கேட்பாள். யாரும் துரத்தவில்லை. அங்கே அவர் மயங்கி விழுகிறார், இங்கே மாமனாருக்கு மூச்சு நின்றுபோகிறது என்று இரண்டு படங்கள் எனக்குள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. துரத்த வேறு ஆள் எதற்கு?

குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க மாமனாருக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. போகவா வேண்டாமா என்று நான் தடுமாறியபோது, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

"நீ போயிட்டு வா. நல்லா சாப்புடச் சொல்லு. என்னைய நெனச்சுக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லு."

காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டார். கெம்பம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, கடலை உருண்டைத் தூக்கோடு பஸ் ஏறினேன். பாலக்கோடு தாண்டுவதற்குள் மாமனார் என் மனசுக்குள் ஒரு தடவை இறந்துவிட்டார். தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியபோது மறுபடியும் இறந்தார். சேலம் வந்தபோது அவருக்குக் காரியமே முடித்திருந்தேன்.

இந்த மனநிலையோடு போய் நிற்கிறேன். மைதானத்தில் எல்லாரும் வெள்ளை பனியன், காக்கி டிராயர், ஒட்ட வெட்டிய கிராப்பு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஓர் உருவம் பிரிந்து என்னை நோக்கி வந்தது. மழுங்கச் சிரைத்த மொட்டை. மீசை இல்லை.

அந்த முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். மாமியாருக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றாரே, அன்றைக்கு. எங்கள் ஊரில் ஆம்பிளை தலையையும் மீசையையும் சேர்த்து எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார். இவருக்கு மிச்சம் இருந்தது ஒருவர்தான்.

'அடப்பாவி, நான் பஸ்ஸில் வருவதற்குள் எப்படி?' என்று மனசு கேட்டது. மனசே பதிலும் சொன்னது: போலீஸில் ஒயர்லெஸ் இருக்கிறது. நான் கிளம்பியதும் மாமனார் போய்விட்டார், சேதி காற்றில் பறந்து வந்துவிட்டது, இங்கே மொட்டையும் போட்டாயிற்று. (அரசாங்கம் இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்யுமா என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.)

தூக்கு கையிலிருந்து நழுவியது. உருண்டைகள் மைதானத்தில் ஓடின. நான் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா... எங்கள வுட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா... உங்க மவன் காக்கி போடறதப் பாக்காம போயிட்டீங்களே..."

வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். முகம் கோணியது. "அப்பா" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மண்ணில் விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்ததும் எனக்கிருந்த துளி சந்தேகமும் தீர்ந்தது. நான் அழுவதைப் பார்த்ததும் அவருக்கும் தீர்ந்தது.

(நடந்தது இவ்வளவுதான். வெயிலில் ஓடி ஓடித் தலையெல்லாம் வேனல் கட்டி. ஒட்ட எடுத்துவிடு என்று முடிதிருத்துபவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் எங்களைப் போலக் கிராமத்து ஆள். மொட்டை கேட்கிறாரே, பாவம், எந்த வீட்டு எழவோ, கேட்டால் மனசு சங்கடப்படும் என்று, வாயே திறக்காமல் மீசையையும் சேர்த்து வழித்துவிட்டார்.)

டிரில் மாஸ்டர் வந்தார். கூட இருந்த பையன்களில் தொப்பி போட்டிருந்தவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ்காரர் ஒருவர் மெதுவாக, "தந்தி ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார்.

"யோவ், பொண்டாட்டியே வந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுது. தந்தி என்னாய்யா தந்தி" என்றார் டிரில் மாஸ்டர். பிறகு என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "போயி நல்லபடியா முடிச்சுட்டு வாடா."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். தொப்பூர் ஏறும்போது அவர் கேட்டார்:

"கடசியா என்ன சொன்னாரு?"

"நல்லா சாப்புடச் சொன்னாருங்க. அவர நெனச்சுக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"ரொம்பச் சிரமப்பட்டாரா?"

"இல்லீங்க. காத்தால நல்லாத்தான் இருந்தாரு. ரெண்டு இட்லி சாப்டாரு."

"ரெண்டு இட்லியா" என்று அதற்கும் அழுதார். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு என் மாமனாருக்காக அழுதவர்களில் அவளும் ஒருத்தி.

தருமபுரியில் ஒரு பெரிய சாமந்தி மாலை வாங்கினோம். பாலக்கோட்டில் பஸ் நின்றபோது எதிரே இவருடைய சித்தப்பாவின் டீக்கடை. இவர் ஜன்னல் வழியாகவே, "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றார். சித்தப்பா வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நீ முன்னால போடா. நான் ஆளுங்களக் கூட்டிட்டு வந்தர்றேன்" என்றார்.

வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டமில்லை, பந்தலில்லை. கயிற்றுக் கட்டிலில் மாமனார் உட்கார்ந்து, அடிபட்ட தக்காளியைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். மொட்டைத் தலையோடு மகன். கையில் மாலை. பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு மருமகள். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, அந்தத் தலையைப் பார்த்ததும் அவருக்கும் ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, ரொம்பச் சன்னமாக, என்னிடம் கேட்டார்:

"என்னம்மா... நானா?"

உள்ளேயிருந்து ஓடிவந்த கெம்பம்மா, "ஏனாய்த்து? என்னாச்சு?" என்றாள். நாள் பூராவும் யாரும் கேட்காத கேள்வி. அதற்குள் லாரி நிறைய ஆள்களோடு சித்தப்பா வந்து இறங்கிவிட்டார். ஒப்பாரி வைத்தபடி இறங்கிய பெண்கள், மாமனார் எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்றதும் வாயைப் பாதியில் மூடினார்கள்.

யாரோ முதலில் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேல போச்சு சரோஜா. செத்தாருன்னு சொல்லி லீவு வாங்கியிருக்கேன்."

அந்த டிரில் மாஸ்டரின் குரல் எனக்குள் திரும்ப எழுந்தது. காக்கியைக் கண்டு பயந்தேன். இப்போது காக்கி கைவிட்டுப் போகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சித்தப்பா யோசனை சொன்னார். "காரியம் முடியற மட்டும் இங்கயே இருந்துடுடா. அப்புறம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போ. உங்கப்பன் இருக்கானா செத்தானான்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அது ஆவாது" என்றார் மாமனார். "நான் இன்னும் எத்தினி நாள் இருக்கப் போறனோ. அத்தினி நாளும் என்னைய ஒளிச்சு வெக்கணும். காத்தால மொத பஸ்ஸுக்கு நானே வர்றேன்."

மறுநாள் அந்த இழுப்போடு அவரைக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் என் பயம் புது வேடம் போட்டுக்கொண்டது: போகிற வழியில் இவர் நிஜமாகவே போய்விட்டால் என்ன செய்வது? ஒவ்வொரு மேட்டிலும் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். "வுடும்மா, இருக்கேன்" என்று தட்டிவிட்டார்.

டிரில் மாஸ்டர் முன்னால் போய் நின்றோம். மாமனார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"கும்புடறேனுங்க. நேத்து செத்தது நானுங்க."

டிரில் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நேத்து அழுதது நீதானேம்மா?"

"ஆமாங்க."

"எதுக்கு அழுத?"

"இவருக்கு மீசை இல்லீங்க."

மைதானத்தில் எங்கோ விசில் கேட்டது. டிரில் மாஸ்டரின் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தன வருஷத்துல," என்று ஆரம்பித்தார் டிரில் மாஸ்டர், "பொய்யாச் செத்தவன் ஒருத்தனும் பஸ் ஏறி வந்து என் முன்னால நின்னதில்ல." வராந்தாவைக் காட்டி மாமனாரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு திரும்பி, மைதானம் அதிர ஒரு குரல் கொடுத்தார்: "சண்முகம், லீவு கேன்சல். துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்குடா. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஓடு."

வேலை போகவில்லை. எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் வெயிலில் சுற்றிச் சுற்றி ஓடினார், மொட்டைத் தலை பளபளக்க. மாமனார் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்ததுக்கு ஒரு நாளு அழுதான். பொழச்சதுக்கு இப்ப ஓடறான்" என்றார்.

அந்த மனுஷன் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். நான் கண்ணைக் கசக்கினால் போதும், கட்டிலிலிருந்து குரல் வரும். "என்னம்மா, நானா?" "இல்லீங்க மாமா, வெங்காயம்." "அப்பச் சரி." இன்றும் எங்கள் வீட்டில் யார் அழுதாலும் மற்றவர்கள் கேட்பது அதைத்தான். மகள் கல்யாணத்தில் நான் அழுதபோது சம்பந்தி வீட்டார் முன்னால் மகனும் கேட்டான், "என்னம்மா, நானா?" விளங்கிக்கொள்ள அவர்களுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் பிடித்தது.

மாமனார் நிஜமாகவே போன அன்று என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் இருந்தார். சேதி கேட்டு யூனிபாரத்தோடு வந்தார். வாசலில் நான் அழுதுகொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார், ஆனால் அழவில்லை. என்னைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்க் குனிந்து, அப்பாவின் மூக்கருகே உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றினார்.