மின்சாரத் தெப்பம்

நம்பிராஜன் பொத்தானைத் திருகினார். தெப்பத்தில் விளக்கு எரியவில்லை, ஹாரன் அடித்தது. அடித்ததென்றால் சும்மா அடியில்லை. புளியறை வளைவில் மாட்டுவண்டி குறுக்கே வந்தால் அடிப்பானே டிரைவர் வேல்சாமி, அந்த அடி. குளத்தைச் சுற்றி நின்ற ஜனம் பஸ் வருகிறதென்று ஒதுங்கியது. அதில் இரண்டு பேர் அவசரத்தில் குளத்துக்குள்ளேயே ஒதுங்கிவிட்டார்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் கிடந்த அந்தச் சின்ன ஊருக்கு இன்னும் கரண்டு வரவில்லை. முருகன் தெப்பம் வருஷா வருஷம் காஸ் விளக்கில்தான் மிதக்கும். உபயம், நம்பிராஜனின் மச்சான் அரிசிமில் தங்கசாமி. அந்த உபயத்தை இந்த வருஷம் நம்பிராஜன் தட்டிப் பறித்ததே, கரண்டு விளக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று கோயில் கமிட்டியில் மார்தட்டித்தான். இரண்டு பஸ்ஸுக்கு முதலாளி, பாட்டரிக்கா பஞ்சம்?

மூன்று சுற்றும் விளக்கோடு முடிந்தால் பட்டர் கையால் தலையில் பரிவட்டம். நடுவில் அணைந்தால் உபயம் மறுபடி மச்சானுக்கே. மச்சான் கூடப் பரவாயில்லை. வீட்டில் முத்துவடிவு இருக்கிறாளே! எங்க அண்ணன் வச்ச விளக்கு என்னைக்காவது அணைஞ்சுதா என்று ஆயுசுக்கும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

"என்னலே இது?" என்றார் நம்பிராஜன், ஹாரனுக்கு மேலே கத்தி.

"ஹாரன் கம்பியும் கூடச் சேந்து வந்துட்டு மொதலாளி" என்றான் வேல்சாமி.

கொழும்பில் கப்பலுக்கே கரண்டு இழுத்தவன் என்று அவனைப்பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசியது அவன்தான். பஸ்ஸிலிருந்து வேண்டிய கம்பியை மட்டும் பிரிக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் கொத்தோடு பிடுங்கிவந்து தெப்பத்தில் கட்டியிருந்தான். இப்போது ஒரு கம்பியை வெட்டினான், ஹாரன் நிற்கவில்லை. இன்னொன்றை வெட்டினான். அது கொடி கட்டிய கயிறு, கொடி விழுந்தது. மூன்றாவதாக ஒன்றை வெட்டியதும் ஹாரன் நின்று, விளக்குகள் எரிந்தன. எரிந்ததென்று வேல்சாமி சொன்னான். கிட்டே போய்ப் பார்த்தால் கண்வலிக்காரன் முழிக்கிற மாதிரி ஒரு சிவப்புத் தெரிந்தது. பாட்டரியில் இருந்ததையெல்லாம் ஹாரனே குடித்துத் தீர்த்திருந்தது.

செங்கோட்டைக்குப் புறப்பட ஆள் ஏற்றி நின்ற இரண்டாவது பஸ்ஸின் பாட்டரியைக் கழற்றிவரச் சொன்னார் நம்பிராஜன். அதிலிருந்த பிரயாணிகள் இறங்கி, தங்கள் பாட்டரி எங்கே போகிறதென்று பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பாட்டரி ஏறியதும் தெப்பம் ஒருபக்கம் சாய்ந்தது. நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கரையில் இறக்கினார்கள். தெப்பம் நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் கம்பி தண்ணீரில் தோய்ந்து புஸ்ஸென்று புகைந்தது.

கயிற்றில் கரண்டு பாயும் என்று எவனோ கிளப்பிவிட, தெப்பத்தை இழுக்க நின்றவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். பஸ் பாட்டரி ஒரு ஈயைக்கூடக் கொல்லாது என்று சொல்லி நம்பிராஜன் வெறுங்கையால் தொட்டுக் காட்டினார். தொடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டதால் ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இழுப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் புகைந்ததில் இரண்டாவது பாட்டரியும் போயிருந்தது. ஊரில் மிச்சம் இருந்தது ஒரே பாட்டரி. அது தங்கசாமியின் காரில் இருந்தது.

நம்பிராஜனுக்கு அழுகை வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மச்சான் முன்னால் போய் நின்றார். தங்கசாமி வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார்.

"தாரேன் மாப்ள. ஆனா எம் பாட்டரி போற எடத்துக்கு நானும் வருவேன்."

பாட்டரியும் வந்தது, அவரும் வந்தார். ஆளே இரண்டு நெல்மூட்டை கனம். தெப்பத்தின் பலகைக்கு மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. காஸ் விளக்கு ஒன்றுகூடக் குளக்கரையில் இருக்கக்கூடாது என்று நம்பிராஜனே காலையில் உத்தரவு போட்டிருந்ததால், பக்கத்தில் நிற்பது யாரென்றே தெரியாத இருட்டு.

"பாட்டரிய நனையாத எடமாப் பாத்து வையிலே" என்று வேல்சாமியிடம் சொன்னார் நம்பிராஜன்.

"நனையாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மொதலாளி. ஆனா..."

"ஆனா ஆவன்னால்லாம் நாளைக்குப் படி. கனமா இருக்கத எல்லாம் எறக்கு. பாட்டரிய ஏத்து."

பட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரையும் இறங்கச் சொல்லியாயிற்று. இருட்டில் ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள், இறக்கினார்கள், ஏற்றினார்கள். தண்ணீர் தெறிக்காமல் இருக்க, சாமி பீடத்துக்கு முன்னால் தொங்கிய பூத்திரையையும் வேல்சாமி இழுத்துவிட்டான். நம்பிராஜன் பழனி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு மொட்டை நேர்ந்துகொண்டு பொத்தானைத் திருகினார்.

எரிந்தது! சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தெப்பம் முழுக்க எரிந்தது. குளத்துத் தண்ணீரிலும் எரிந்தது. சீசனுக்குக் குளிக்க வந்திருந்த வெளியூர்க்காரர்கள்கூட வாயைப் பிளந்தார்கள். தெப்பம் ஆடி அசைந்து முதல் சுற்றுப் போனபோது, முன்படியில் நின்ற முப்பிடாதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முருகன் முகத்தில் இப்படி ஒரு களையை அவள் பார்த்ததில்லையாம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டாம் சுற்றில் செங்கோட்டைப் பிரயாணிகள் கோபம் மறந்து அரோகரா போட்டார்கள். மூன்றாம் சுற்றில் தங்கசாமியே பூத்திரையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணீர் விட்டார்.

"நீ செயிச்சிட்ட மாப்ள. இனிமே வருசா வருசம் ஒன் உபயந்தான்."

முத்துவடிவுக்கும் இது கேட்டிருக்க வேண்டுமே என்று நம்பிராஜன் கரையில் அவளைத் தேடினார். அவள் பெண்கள் நடுவில் நின்று, விளக்கைக் காட்டிக் காட்டி எங்க வீட்டுக்காரங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போதும். இனிச் செத்தாலும் கவலையில்லை.

தெப்பம் படித்துறையில் இடித்து நின்றது. நம்பிராஜன் இறங்கி, ஊரே பார்க்க நடந்து, படித்துறை மண்டபத்தில் நின்ற பட்டர் முன்னால் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்தார்.

பட்டர் மெதுவாகச் சொன்னார்: "பாட்டரிக்கு மூணு சுத்து ஆயிட்டு மொதலாளி. இனிமே சாமிய ஏத்தலாமா?"