போகியில் கருகிய வேம்பும் பட்டை சாரும்

தாம்பரத்திலிருந்து சேலையூர் வரைக்கும் உள்ள அத்தனை மரங்களையும் முதுகில் தட்டி நலம் விசாரித்த ஒரே மனிதர் எங்கள் காலனி பட்டை சார்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கேஸ் சிலிண்டர்காரர்கூட "பட்டை சார் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

மனிதர் வேலை பார்த்ததெல்லாம் முதுமலைப் பக்கம். காட்டுத்தீ அணைந்த பிறகு எந்த மரம் பிழைத்தது, எது போனது, ஏன் போனது என்று பார்ப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் காடு அவரை விட்டுவிட்டது. அவர்தான் காட்டை விடவில்லை. மரங்களைப் போலவே மனிதர்களையும் பட்டையை வைத்தே எடை போடுவார். எதிர்வீட்டு அம்மா, தன் பெண்ணைப் பார்க்க வந்த பையனைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டார்.

"பட்டை நல்ல தடிமன்மா. மாமியார் என்ன பேசினாலும் உள்ளே சூடு போகாது. தாராளமா குடுங்க."

வருங்கால மாமியாரே அந்த அம்மாதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

எனக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது. "நீங்க மழைக்காட்டு மரம் சார். வருஷம் பூரா ஈரத்துலயே நிக்கறதால தீயைப் பார்த்ததே இல்ல. பட்டை காகிதம் மாதிரி. யாராவது ஒரு வார்த்தை சொன்னா கருகிடுவீங்க." எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் போகிக்குக் கொஞ்சம் முன்புதான் எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. மனு மேல் மனு போட்டு வாங்கிய ரோடு. அதன் மேல் தீ வைக்க யாருக்கு மனசு வரும்? பழைய பாய், தலையணை, உடைந்த கூடை எல்லாவற்றையும் தெருவில் மண்தரை மிச்சமிருந்த ஒரே இடத்தில், முனை வேப்பமரத்தடியில், குவித்துக் கொளுத்தினோம். ரோட்டுக்கு ஒரு கீறல் இல்லை. மரம்தான் கிளை பிரியும் இடம் வரை கருத்து, இலையெல்லாம் சுருண்டு நின்றது.

காலனி சங்கச் செயலாளர் உடனே தீர்ப்புச் சொன்னார். "பட்டுப்போன மரம் சார். காத்துல யார் தலையிலயாவது விழும். வெட்டிட்டா ரெண்டு கார் நிறுத்தலாம்."

அந்த மரத்தடியில்தான் மேரி அக்காவின் இஸ்திரி வண்டி. "மரம் பூட்ச்சின்னா நான் எங்க சார் போவேன்? வெயில்ல நின்னுகினு கரிப்பொட்டி புடிக்க முடியுமா?" என்று கேட்டார். செயலாளர் விஷயத்தைச் சங்கக் கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்.

சங்கக் கூட்டத்துக்குப் பட்டை சார் வந்த கோலத்தை மறக்க முடியாது. இடது கையில் கோணிச் சாக்கு சுற்றியிருந்தது, வலது கையில் கைக்குட்டை. பின்னால் சூடான இஸ்திரிப் பெட்டியோடு மேரி அக்கா.

"வைம்மா," என்று கைகளை நீட்டினார்.

"இன்னா சார் பேஜாரா கீது! இது துணி தேய்க்கற பொட்டி சார்."

"சும்மா வைம்மா."

சாக்குக் கையில் பெட்டி பட்டது. சார் புன்னகைத்தார். கைக்குட்டைக் கையில் பட்டது. அந்த அலறல் கேம்ப் ரோடு வரை கேட்டிருக்கும்.

"பார்த்தீங்களா?" என்றார், விரலை ஊதிக்கொண்டே. "பட்டை தடிமனா இருந்தா உள்ளே உயிர் தப்பிச்சுக்கும். அப்புறம் பட்டைக்கடியில தூங்கற மொட்டு முழிச்சுக்கும். மேல எல்லாம் போனாலும் சில மரம் வேர்லேர்ந்து கிளம்பும். காட்டுல எத்தனை பார்த்திருக்கேன்! அவகாசம்தான் குடுக்கணும்."

விரலைப் பார்த்துப் பரிதாபப்பட்ட செயலாளர், பங்குனி முடியும்வரை தவணை கொடுத்தார்.

அன்று முதல் தினமும் பூதக்கண்ணாடியோடு சோதனை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார், காதை வைத்துக் கேட்பார், காலைத் தூக்கும் நாயோடு சண்டை போடுவார். துளிரைத்தான் காணோம். பங்குனியும் முடிந்தது. ரம்பத்தோடு ஆள் வந்து நின்றார். மேரி அக்கா பெட்டியில் கரி போடாமலே உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவுதானா சார்?" என்றார் பட்டை சார் என்னிடம். மரத்தைப் பற்றி அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிறுசேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த செயலாளர் அன்றுதான் திரும்பியிருந்தார். இஸ்திரி போட்ட அவருடைய வெள்ளைச் சட்டை, மரத்தில் சுற்றிக் கட்டிய கயிற்றில் ஒரு வாரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இருங்க, மரத்தூள் பட்டுடும்," என்று செயலாளர் சட்டையை எடுத்தார்.

அதற்குப் பின்னால், கருகிய பட்டையைப் பிளந்துகொண்டு, செம்பு நிறத்தில் ஒரு கொத்துத் துளிர்.

மரம் முழுவதையும் துருவிய மனிதர், அடுத்தவர் சட்டையைத் தொடுவது முறையில்லை என்று அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்!

"சார், துளிர் வந்துகீது சார்!" என்று கத்தினார் மேரி அக்கா.

பட்டை சார் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். கரி படிந்த அதே கையால் செயலாளரையும் தட்டிக்கொடுத்தார். சட்டை மறுபடி சலவைக்குப் போனது. ரம்பக்காரர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போதெல்லாம் போகியை சிமெண்ட் ரோட்டில்தான் கொளுத்துகிறோம். ரோடு விரிசல் விட்டுவிட்டது. வேம்பு, மேரி அக்காவின் வண்டிக்கும் எங்கள் அரட்டைக்கும் சேர்த்து நிழல் தருகிறது.

போன ஆடியில் பட்டை சார் கோவைக்கு, மகனோடு இருக்கப் போய்விட்டார். சாமானெல்லாம் ஏற்றிய பிறகு மரத்தை ஒரு தட்டு, என் முதுகில் ஒரு தட்டு. "பார்த்துக்குங்க சார்," என்றார். யாரை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

வண்டி பெருங்களத்தூரைக்கூடத் தாண்டியிருக்காது. நான் மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சரியாகத்தான் சொன்னார். எனக்குப் பட்டை ரொம்ப மெல்லிசு.