தொப்புளில் பெருங்காயம்

தைலம் எங்கள் விடுதியில் குடியிருந்த வரைக்கும், ராயபுரத்தில் தும்மிவிட்டு நிம்மதியாக நடந்துபோன மனிதர் ஒருவரும் கிடையாது. நீங்கள் தும்மலை முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் எதிரே நிற்பான். கையில் தைலச் சீசா இருக்கும். "மூஞ்சக் காட்டு மாமு" என்பான். போக்குவரத்துப் போலீஸ்காரர், நண்டு விற்கும் அக்கா, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்று யாருக்கும் அவன் விலக்கு அளித்ததில்லை. ஒருமுறை எங்கள் தெருநாய் தும்மியது. அன்றோடு அது அடுத்த தெருவில் குடியேறிவிட்டது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் ஆள் மாடிப்படி ஏறுமுன் வாசனை ஏறிவிடும் என்பதால் விடுதியே அவனைத் தைலம் என்று கூப்பிட்டது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்புக்காரன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படித்தான். வீட்டில் அவன் புத்தகத்தை விரித்தால் யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது, அதனால் விடுதிக்கு வந்தான். இப்போது மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அங்கே தும்முகிறவர்கள் பாடு எனக்குத் தெரியாது.

நான் அந்த விடுதியின் வார்டன். அதற்கு முன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். ஆபீசை மூடினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், பயந்த சுபாவம் தவிர வேறு தகுதி இல்லாத ஒருவனுக்கு வார்டன் வேலை கிடைத்தது அதிசயம்தான்.

என் பயத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கொட்டாவி விட்டால்கூட அது எந்த வியாதியின் அறிகுறி என்று செல்போனில் தேடுவேன். செல்போன் எனக்கு ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. மேஜை டிராயரில் பிரஷர் மெஷின் ஒன்று வைத்திருந்தேன். பிரஷர் பார்க்கும்போது பயத்தில் பிரஷர் ஏறும். ஏறியதைப் பார்த்துப் பயம் ஏறும். கடைசியில் மெஷின்தான் களைத்துப்போய் பேட்டரி தீர்ந்து நிற்கும்.

விடுதியில் பல ஊர்ப் பிள்ளைகள். எண்ணூர்ப் பக்கத்துப் புகைக்கு ஊர், தேசம் எல்லாம் தெரியாது. வந்த வாரமே எல்லாரும் ஒன்றுபோல இருமுவார்கள். ஆளுக்கொரு மருந்து வீட்டிலிருந்து கொண்டு வந்திருப்பார்கள். பாட்னாவிலிருந்து வந்த சௌரவிடம் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய். கோழிக்கோட்டு ஜாபிரிடம், குளித்ததும் உச்சந்தலையில் தேய்க்கும் ராஸ்னாதிப் பொடி. தான்சானியா நாட்டுப் பராக்கா மட்டும் வெறுங்கையோடு வந்தவன். ஆனால் அவன் வாயில் எந்நேரமும் ஒரு மருந்தின் பெயர் இருக்கும். முவரோபைனி. நாற்பது வியாதியைத் தீர்க்குமாம். அவர்கள் பாஷையில் அந்தப் பெயருக்குள்ளேயே நாற்பது இருக்கிறதாம்.

பராக்காவுக்கு ஒரு சமயம் இருமல் நிற்கவே இல்லை. "முவரோபைனி இல்லாம ஒண்ணும் ஆவாதுபா" என்றான். அவன் தமிழ் கற்றது தைலத்திடம். ஊரிலிருந்து மாமா ஒரு பார்சல் அனுப்பினார். தைலம்தான் பிரித்தான். உள்ளே பச்சைப் பொடி. ஒரு சிட்டிகை மோந்து பார்த்தான். பராக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனான்.

"இது இன்னா மரம்?"

"வேப்ப மரம்."

"ஒரு எலையக் கசக்கி மோந்து பாரு."

பராக்கா மோந்தான். அவன் தினமும் சைக்கிளைச் சாத்தி வைக்கும் மரம் அது. துவைத்த பனியனைக் காயப் போடுவதும் அதன் கிளையில்தான். கடல் தாண்டி வரவழைத்த முவரோபைனி அதுதான். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் உள்ள அந்தப் பிள்ளை, மரத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தான். அழுது முடித்தபோது மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. இருமல் அப்படியே இருந்தது.

அன்றைக்குத் தைலம் ஒரு சட்டம் போட்டான். "இனிமே யாருக்கும் சொந்த ஊரு மருந்து கெடையாது. அது வாய் வழியா உள்ள போய், கண்ணு வழியா வெளிய வந்துடுது. வியாதி அப்டியே குந்திகினு கீது."

எல்லாருடைய மருந்தையும் வாங்கித் தன் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டான். அதன்பிறகு சௌரவுக்குச் சளி பிடித்தால் ஜாபிரின் பொடி. ஜாபிருக்கு முதுகு பிடித்தால் சௌரவின் எண்ணெய். மற்றவர்களுக்குச் சொறி வந்தால் வாசல் வேப்பிலை. அது தான்சானியா நாட்டுச் சொத்து என்று தைலம் முடிவு செய்துவிட்டதால், பறிக்கும்போது பராக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். பராக்காவுக்கு மட்டும் வேப்பிலை தடை.

நான் உடன்குடிக்காரன். ஆகவே எனக்குச் சுக்கும் கருப்பட்டியும் தடை.

"நான் என்ன சின்னப் பிள்ளையாடே, சுக்குக் காப்பி குடிச்சுட்டு அழ?" என்று சண்டை போட்டேன்.

"நீதான் சார் மொதல்ல அழுவே. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரீது."

சட்டப்படி எனக்குத் தும்மல் வந்தால் ஜாபிரின் பொடி. தேய்க்கத் தலையில் முடி இல்லாததால் அது என் வழுக்கையில் பெரிய பொட்டாக உட்கார்ந்தது. விடுதி முதலாளி வந்து பார்த்து, "எந்தக் கோயில் பிரசாதம் வார்டன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாயுத் தொல்லைக்குச் சௌரவின் வீட்டு முறை. பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளில் பற்றுப் போட வேண்டும். போட்டுக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்திருந்த நேரம், மகனைச் சேர்க்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. "மெஸ் சாம்பாரு இங்க வரைக்கும் மணக்குதே சார். பையன இங்கேயே சேத்துர்றேன்" என்றார். நான் மெதுவாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

பெருங்காயத்தின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். அந்த நம்பிக்கைதான் என்னைக் கொன்றிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மெஸ்ஸில் பூரி. சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது தோளில் ஓர் இழுப்பு. கொசு கடித்தாலே செல்போனை எடுக்கிறவன், அன்றைக்கு எடுக்கவில்லை. சும்மா இருந்தபோதெல்லாம் மாரடைப்பை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது நிஜமாகவே வந்து கதவைத் தட்டியபோது, வீட்டில் ஆள் இல்லை என்று ஒளிந்துகொண்டேன். பூரிதான், வாயுதான் என்று சொல்லிக்கொண்டே தைலத்தின் அறைக்குப் போனேன்.

"கொஞ்சம் பெருங்காயம் எடுடே. தொப்புளுக்கு."

தைலம் பெட்டியைத் திறந்தான். டப்பாவைக் கையில் எடுத்தவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் சட்டையைத் தொட்டான். நனைந்திருந்தது. தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எங்க வலிக்கிது?"

"வலியெல்லாம் இல்ல. லேசா ஒரு கனம்."

"கையி?"

"அதுவும் லேசா."

டப்பாவை உள்ளே வைத்தான். பெட்டியை மூடிப் பூட்டினான். தெருநாயைக்கூட வெறுமனே அனுப்பாதவன், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார். இதுக்கு நம்ம பொட்டில ஒண்ணியும் கெடையாது."

"ஏலே, இது வாயுலே! ஒரு பொட்டுப் பெருங்காயம் குடுலே!" பயம் முற்றினால் எனக்கு உடன்குடி வந்துவிடும்.

"பராக்கா, சாரு நடக்கக் கூடாது. தூக்கு."

பராக்கா என்னைக் குழந்தை மாதிரி இரண்டு கையில் ஏந்திக்கொண்டு படி இறங்கினான். கல்யாணத்தன்றுகூட என்னை யாரும் அப்படித் தாங்கியதில்லை. "இன்னா வெயிட்டுபா நம்ம வார்டன்" என்று வழியில் சொன்னதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

வாசலில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்தவர்களைத் தைலம் ஒரே சத்தத்தில் இறக்கினான். ஆட்டோ கிளம்பியது. சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரி. பராக்கா குதித்து முன்னால் ஓடி, "தள்ளுபா, தள்ளுபா" என்று வழி விலக்கினான். உள்ளே நானும் தைலமும்.

"செத்துருவேனாலே?"

"பேசாம மூச்ச வுடு சார்."

"வெறும் வாயுவா இருந்தா? டாக்டரு சிரிப்பாரே?"

"சிரிச்சா சிரிக்கட்டும். எங்க நைனாவும் ஹார்பர்ல மூட்டை எறக்கிட்டு வந்து, கேஸுதான்னு சொல்லிகினு, ஓமத்தண்ணி குச்சிட்டுப் படுத்தாரு."

"பெறவு?"

"பெறவு இன்னா. எய்ந்திருக்கல."

லாரிகளைப் பார்த்தபடி இதை மெதுவாகத்தான் சொன்னான். என் கையை அவன் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. உடனே உள்ளே கொண்டுபோய் சின்னதாக ஒரு கம்பிச் சுருளை வைத்துத் திறந்துவிட்டார்கள். "நேரத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க" என்றார் டாக்டர். உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் பயந்த எனக்கு, உண்மையாக இருந்த வியாதி ஒன்றே ஒன்று. அதை மட்டும் பூரி என்று நம்பியிருக்கிறேன்.

வார்டு வாசலில் தைலம் காவல் நின்றான். அவனுக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேன் தேவலை. ஜாபிர் மறைத்துக் கொண்டுவந்த பொடியை வழியிலேயே பிடுங்கிக்கொண்டான். சௌரவின் அம்மா பாட்னாவிலிருந்து வீடியோவில் வந்து, மருதம்பட்டைக் கஷாயம் கொடுக்கச் சொன்னார். "ஆன்ட்டி, டாக்டரு மாத்திரை குட்த்துகினு கீறாரு. அதும் மேல நாம எதுவும் ஊத்தக் கூடாது" என்றான். சௌரவ் அதை இந்தியில் கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொன்னான்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் காலையில் தைலம் ஒரு பிளாஸ்க்கோடு வந்தான். மூடியில் ஊற்றி நீட்டினான். ஆவி மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. சுக்கு. அடியில் கருப்பட்டி.

"தண்டையார்பேட்ட அண்ணாச்சி கடைல வாங்கினேன். உடன்குடி சரக்குதானான்னு கேட்டுக் கேட்டு அவுரு பேஜாராயிட்டாரு."

"ஏலே, சொந்த ஊரு மருந்து கூடாதுன்னு சட்டம் போட்டவனே நீதானலே?"

"கொஞ்சூண்டுதான் ஊத்திக்கீறேன். குடி. டாக்டராண்ட கேட்டேன், தரலாம்னாரு."

ஒரு வாய் குடித்தேன். தொண்டை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு நான் மின்விசிறியைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், பக்கத்துக் கட்டில்காரரின் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தேன்.

"சுக்கு காரம்லே" என்றேன்.

தைலம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். தைல வாசனை அடித்தது.

"அழுதுக்க நைனா" என்றான். "அதையும் டாக்டராண்ட கேட்டுகினுதான் வந்தேன்."